மனநல மருந்தால் மூளைக்கு வரும் பாதிப்பு: எது ஆறும், எப்படி ஆறும்

"மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு மூளையே மழுங்கிப் போச்சு டாக்டர். இது திரும்பச் சரியாகுமா?" சென்னையில் எந்த மனநல ஓ.பி.யிலும் காதில் விழக்கூடிய கேள்வி இது. கேட்டவருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கிறது. உள்ளே, நேரமில்லாத மருத்துவர் சொல்வது: "அதெல்லாம் மருந்தால இல்லம்மா, வியாதிதான் காரணம். விடாம சாப்பிடுங்க." வெளியே, அக்கறையுள்ள சொந்தக்காரர் சொல்வது: "இந்த மருந்து பூரா விஷம். நாளையிலேர்ந்து தொடாதே." முதல் பதில் ஒருவர் தன் உடம்பில் உணர்வதையே பொய்யாக்குகிறது. இரண்டாவது பதில் சில சமயம் உயிருக்கே உலை வைக்கிறது.

மனநல மருந்துகள் பல லட்சம் பேரை எழுந்து நடமாட வைத்திருக்கின்றன. அதே மருந்துகள் சிலருக்கு நரம்பு மண்டலத்தில் நீண்டகாலப் பாதிப்பையும் உண்டாக்கியிருக்கின்றன. இரண்டும் உண்மை. பாதிப்பு எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் எல்லாம் ஒரே வகை அல்ல: ஒன்று சில வாரங்களில் போகும், ஒன்று ஒன்றிரண்டு வருஷம் இழுக்கும், ஒன்று முழுதாகப் போகாமலே தங்கலாம். எந்த வகை என்று தெரியாமல் "சரியாகுமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். நான் படித்த வரையில், பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோரின் கதை மருந்தை ஆரம்பித்த நாளில் தொடங்குவதில்லை. சடாரென்று நிறுத்திய நாளில்தான் தொடங்குகிறது.

தூக்க மாத்திரையும் மூளையின் பிரேக்கும்

சென்னையில் அதிகம் புழங்குவதும், பாதிப்பு என்று அதிகம் உணரப்படாததும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகள்தான். அல்பிரசோலம், குளோனசிபாம், லோராசிபாம், டயசிபாம். வீட்டில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. "தூக்க மாத்திரை", "பிபி மாத்திரையோட குடுத்த சின்ன மாத்திரை", "நரம்பு மாத்திரை", இல்லாவிட்டால் வெறுமனே "பாயிண்ட் ஃபைவ்". ஒரு சாவு வீட்டில், ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஐ.டி. வேலையில் நைட் ஷிஃப்ட் மாறியபோது என்று பதினைந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தது, பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும். எழுதிய மருத்துவரின் சீட்டு மடித்து மடித்துக் கிழிந்தே போயிருக்கும்.

இந்த வகையில் முதல் மருந்து 1960-லும், டயசிபாம் 1963-லும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. வேலை செய்யும் விதம் எளிதானது. மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக் மாதிரி. நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடிக்காமல் பிடித்து வைக்கிறது. இந்த மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகின்றன. அதனால்தான் பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து அழுத்தம் வந்துகொண்டே இருந்தால், காபாவுக்குப் பதில் சொல்லும் ஏற்பிகளின் உணர்திறனை அது குறைத்துக்கொள்கிறது; எதிர்ப்பக்கம் தூண்டும் அமைப்புகளைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் பிரேக் தேய்ந்த மூளை முழு வேகத்தில் தூண்டப்படும். கை நடுக்கம், தூக்கமே இல்லாத இரவுகள், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, தோலுக்கடியில் எரிச்சல், சிலருக்கு வலிப்பு, குழப்பம், மாயக்காட்சிகள். வலிப்பு வந்து உயிர் போவதும் உண்டு.

2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் பெட்டி எச்சரிக்கையையும் (மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) திருத்தியது. சொன்னபடி சாப்பிட்டாலும் உடல் பழகிப்போகலாம், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, விலகல் அறிகுறிகள், அதாவது மருந்தைக் குறைப்பதாலோ நிறுத்துவதாலோ வரும் தொந்தரவுகள், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்பது அதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் முப்பது நாற்பது வருஷமாகச் சொல்லிவந்ததை ஒரு பெரிய அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

அப்படிச் சொன்னவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் ஹெதர் ஆஷ்டன். இங்கிலாந்தில் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு வருஷம், பென்சோடயசிபைனிலிருந்து வெளிவருவதற்கென்றே தனி கிளினிக் நடத்தினார். அவர் கவனித்ததன் சாரம்: டோஸைக் குறைக்கும் வேகத்தை நோயாளி தீர்மானிக்க வேண்டும், அல்பிரசோலம் போலச் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும் மருந்திலிருப்பவர்களை, மெல்ல மெல்லப் போகும் டயசிபாமுக்கு மாற்றி இறக்கினால் தாங்கிக்கொள்வது எளிது. அல்பிரசோலத்தின் பாதி உடம்பிலிருந்து போக ஏறத்தாழ 11 மணி நேரம்தான் ஆகும். குளோனசிபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். காலையில் எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது, மாத்திரை போட்டால் அடங்குகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அது புதிய நோயல்ல. இரண்டு வேளைக்கு நடுவில் மருந்து இறங்குவதால் வரும் விலகல்.

எவ்வளவு மெல்ல இறக்க வேண்டும்? அமெரிக்காவில் போதைப் பழக்க மருத்துவர்களின் சங்கமும் வேறு பல மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, அடுத்த படிக்கு 2 முதல் 4 வாரம் பொறுக்கச் சொல்கிறது. பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. இதை நம் ஊர் நடைமுறையோடு வைத்துப் பாருங்கள். இங்கே பல நேரம் சொல்லப்படுவது, "ஒரு வாரம் பாதி போடுங்க, அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்திடுங்க." முதல் படியே 50 சதவீத இறக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது, குறுகிய நேரமே உடம்பில் தங்கும் மருந்தில், நாள் தவறாமல் மூளையை ஏற்றி இறக்குவது.

சரி, 10 சதவீதம் குறைக்க நினைத்தாலும் கையில் இருப்பது என்ன? 0.25, 0.5, 1 என்று வரும் மாத்திரைகள். 0.5 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கை எப்படி எடுப்பது? குடும்பங்கள் இதை வீட்டு மேசையில் செய்துகொண்டிருக்கின்றன. சுத்தமான பிளேடு, கீழே ஒரு வெள்ளைத் தாள், மாத்திரை நான்காக உடையும்போது தாளில் சிந்தும் தூள். அந்தத் தூளைச் சேர்த்துப் போடுவதா, விடுவதா என்று ஒவ்வொரு இரவும் ஒரு சந்தேகம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் பிளாஸ்டிக் டப்பா ஓரளவு உதவும். மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து, 0.5-க்குப் பதில் 0.25 மாத்திரைகளாக எழுதிக் கொடுத்தாலே படிகள் சின்னதாகும். சில மருந்துகளுக்குத் திரவ வடிவம் உண்டு. அது இருந்தால் இன்னும் நல்லது.

இறக்கி முடித்த பிறகும் சிலருக்கு அறிகுறிகள் போவதில்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு 1,207 பேரின் பதில்களைத் தொகுத்து, மறதி, பதற்றம், சோர்வு, கவனக் குறைவு ஆகியவை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலும் பலருக்கு நீடித்ததைக் காட்டியது. பென்சோடயசிபைனால் வரும் நரம்பியல் செயலிழப்பு என்று அதற்குப் பெயர் சூட்டியது. அது இணையம் வழி, தானாக முன்வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்த ஆய்வு. எனவே மாத்திரை போடுபவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இப்படி ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதற்கு அது போதும். நினைவாற்றல், கவனம் ஆகியவற்றைச் சோதித்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிறுத்திய பின் பல திறன்கள் மேம்படுவது தெரிந்தது. முதல் ஆறு மாதத்துக்குள் எல்லாமே பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே ஆறு மாதத்தில் சரியாகாதவர், இனிமேல் ஆகாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

மனச்சோர்வு மருந்து: கடைசிப் படிதான் உயரமான படி

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகளை நிறுத்தும்போது வரும் தொந்தரவு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் என்பதே பாடப்புத்தகப் பதிலாக வெகுநாள் இருந்தது. தலையைத் திருப்பினால் உள்ளே ஷாக் அடிப்பது போல ஒரு வெட்டு, தலைசுற்றல், காரணமில்லாத அழுகை, வாந்தி உணர்வு. பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் அரச கல்லூரி 2019-ல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் போகலாம் என்று ஒப்புக்கொண்டது. 2024-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அறிகுறி வருகிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 சதவீதம் பேருக்கு வருகிறது. கடுமையாக வருவது ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. எனவே பலர் பெரிய சிரமமில்லாமல் வெளிவருகிறார்கள். அந்த ஒருவருக்கோ அது வாழ்க்கையைப் புரட்டிப் போடும் விஷயம்.

ஏன் சிலர் கடைசிப் படியில் சறுக்குகிறார்கள் என்பதற்கு மூளை ஸ்கேன் ஆய்வுகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை 60 மில்லிகிராம் எடுத்தால், செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைத் திரும்ப இழுக்கும் புரதங்களில் ஏறத்தாழ 88 சதவீதம் அடைபடுகிறது. அதை 20-ஆகக் குறைத்தால் 80 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு மருந்தை எடுத்துவிட்டோம், மூளையில் விளைவு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் அடைப்பு 50 சதவீதம் ஆக வேண்டுமென்றால் 3.4 மில்லிகிராமுக்குப் போக வேண்டும். அதாவது 20-லிருந்து 10, 10-லிருந்து 5, 5-லிருந்து பூஜ்யம் என்று இறங்குபவருக்கு, அந்தக் கடைசி 5-தான் மிகப் பெரிய வீழ்ச்சி. பாதிக்கப்பட்டவர் "ரொம்பக் கம்மி டோஸ்தானே, இதுக்கா இப்படி" என்று வீட்டில் திட்டு வாங்குவது அந்த இடத்தில்தான்.

அந்தக் கட்டத்தில் இன்னொரு குழப்பமும் வரும்: வந்திருப்பது விலகலா, பழைய மனச்சோர்வே திரும்பியதா? சில அடையாளங்கள் உண்டு. விலகல் பொதுவாக டோஸைக் குறைத்த சில நாளில் தொடங்கும். முன்பு ஒருபோதும் இல்லாத ஷாக், தலைசுற்றல் போன்றவை கூடவே வரும். பழைய டோஸுக்குப் போனால் வெகு சீக்கிரம் அடங்கும். நோய் திரும்புவது வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய முகத்தோடுதான் வரும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "பாத்தீங்களா, மருந்து இல்லாம உங்களால இருக்க முடியாது" என்று முடிவு சொல்லிவிடுவது அநியாயம். மறுபக்கம், நிஜமாகவே நோய் திரும்பியவரை "விலகல்தான், பொறுத்துக்கோ" என்று வைத்திருப்பது ஆபத்து. தேதி போட்டு எழுதிவைத்த ஒரு நோட்டு இங்கே நிறைய உதவும்: என்று குறைத்தோம், என்று என்ன வந்தது, தூக்கம் எத்தனை மணி நேரம்.

இந்த மருந்துகளை நிறுத்திய பிறகும் பாலுறவு உணர்வில் மரத்துப்போதல் நீடிப்பது உண்டு. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019-ல் இதை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. நம் வீடுகளில் இதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமே இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் ஒருவர் இதைத் தனியாகச் சுமப்பது கொடுமை. மருத்துவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

வாய் மெல்லும் பாட்டி

1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் வந்தபோது மனச்சிதைவு நோயாளிகளின் வாழ்க்கை மாறியது. ஐந்தே வருஷத்தில், 1957-ல், ஜெர்மனியிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: மருந்து சாப்பிடும் சில முதியவர்கள் நிறுத்தாமல் வாயை மென்றுகொண்டே இருக்கிறார்கள். பின்னால் இதற்கு டார்டிவ் டிஸ்கினீசியா என்று பெயர் வந்தது. டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் ஏற்பிகளை வருஷக்கணக்கில் மூடிவைத்தால், மூளை அவற்றின் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது; அதனால் தானாக அசைவுகள் வருகின்றன என்பது பரவலான விளக்கம். அது மட்டுமே முழுக் காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இந்த வகை மருந்தில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த அசைவுகள் இருந்தன; பழைய மருந்துகளில் 30 சதவீதம், புதியவற்றில் 21.

நம் வீடுகளில் இது கண்ணில் படாமலே போகும். பாட்டி வெற்றிலை மெல்லுகிறாள் என்று நினைப்பார்கள். பல்செட் சரியில்லை என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 1976-லிருந்து இருக்கும் ஒரு சோதனை போதும், பத்து நிமிஷம் ஆகும். வாயில் வெற்றிலை, பாக்கு, மிட்டாய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கைகளை முழங்காலுக்கு நடுவே தொங்கவிடச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கு உள்ளேயே நெளிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நாக்கை நீட்டச் சொல்வார்கள். கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொல்வார்கள்: கவனம் விரலில் இருக்கும்போதுதான் முகத்தில் ஒளிந்திருக்கும் அசைவு வெளியே வரும். எழுந்து நின்று, கை நீட்டி, நாலடி நடந்து திரும்ப வேண்டும். அவ்வளவுதான். கூட்டம் முட்டும் ஓ.பி.யில் ஒருவருக்குப் பத்து நிமிஷம் கிடைப்பது அரிது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இது நடக்க வேண்டும். முகத்தைச் செல்போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, மருத்துவரிடம் காட்டும் வேலையைக் குடும்பமே செய்யலாம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வாய்ப்பு அதிகம். இளையவர்களில், மருந்தை மெல்லக் குறைக்க முடிந்தவர்களில், அசைவுகள் மாதக்கணக்கில் தேய்ந்து மறைவதுண்டு. வயதானவர்களில், வருஷக்கணக்கில் இருந்துவிட்டால், பெரும்பாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் அசைவு கூடும். டோஸைக் கூட்டினால் கொஞ்ச நாள் மறையும், பின்னால் மோசமாக வரும். மருத்துவர் வேறு மருந்துக்கு, குறிப்பாகக் குளோசபினுக்கு, மாற்றிப் பார்க்கலாம். டெட்ராபெனசின் இந்தியாவிலேயே கிடைக்கிறது. அதன் வழியில் வந்த வால்பெனசினுக்கும் டியூடெட்ராபெனசினுக்கும் 2017-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. அறுபது வருஷம் "இதற்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லப்பட்ட ஒரு பாதிப்புக்கு இன்று மருந்து இருக்கிறது.

பேசிடேன் பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். உள்ளே இருப்பது ட்ரைஹெக்சிஃபெனிடில். உடல் விறைப்பு, கை நடுக்கம் வந்தால் அது உதவும். ஆனால் டார்டிவ் டிஸ்கினீசியாவுக்கு அது உதவாது, பல நேரம் கூட்டவே செய்யும். மறதியையும் மந்தத்தையும் தரும், முதியவர்களுக்குக் குறிப்பாக. "மூளை மழுங்கிப் போச்சு" என்று வருபவரின் சீட்டில் பல வருஷமாக யாரும் கேள்வி கேட்காமல் பேசிடேன் தொடர்ந்தால், அதைப் படிப்படியாகக் குறைப்பதிலேயே ஒரு பகுதித் தெளிவு வந்துவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது இன்னும் தேவையா?"

மனநோயே இல்லாதவர்களுக்கும் இந்த அசைவுகள் வரலாம். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் ப்ரோகுளோர்பெரசின் இரண்டும் அதே டோபமைன் ஏற்பிகளை மூடுபவைதான். மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்று அமெரிக்காவில் 2009-லேயே பெட்டி எச்சரிக்கை வந்துவிட்டது.

இதே மருந்துகளின் இன்னொரு பாதிப்பு அகதீசியா. உட்கார முடியாது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும், இரண்டு வாய்க்குள் எழுந்துவிடுவார். ராத்திரி பூரா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடை. பார்ப்பவர்களுக்கு நோய் முற்றியதாகத் தோன்றும். அப்படி நினைத்து டோஸைக் கூட்டினால் தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிடும். உள்ளுக்குள் அவர் படும் வேதனை தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும். புது மருந்து தொடங்கியோ டோஸ் மாறியோ சில நாளில் இப்படி ஆனால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். டோஸைக் குறைத்து, ப்ரோப்ரனலால் போன்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கக்கூடியது இது. ராத்திரியில் வழி தெரியாமல் தவித்தால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

லித்தியமும் கத்திரி வெயிலும்

மனம் மிகையான உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் போல உயிர் காத்த மருந்து குறைவு. ஆனால் ரத்தத்தில் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது: லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை சிகிச்சை, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்போடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சென்னை மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வியர்வையில் நனைந்து பஸ்ஸில் போய் வருபவர், தண்ணீர் லாரி வராத தெருவில் குடிநீரை மிச்சம் பிடிப்பவர், வயிற்றுப்போக்கு வந்தவர், பிபிக்காக உப்பைத் திடீரென்று குறைத்தவர், அதே பிபிக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை தொடங்கியவர். யாருக்கும் அதே டோஸில் லித்தியம் ஏறிவிடலாம். மழைக்காலத்தில் வேறு வழியில் வரும்: காய்ச்சல், உடம்பு வலி, பக்கத்து கிளினிக்கில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த வலி மருந்தும் லித்தியத்தை ஏற்றும். லித்தியம் சாப்பிடுகிறோம் என்று அந்த டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் கை நடுக்கம் பெரிதாகும். பேச்சு குழறும். நடை குடித்தவர் போலத் தள்ளாடும். அந்தக் கட்டத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் முழுதாக மீளலாம். தாமதமானால் சிறுமூளை செல்கள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் கழிந்தும் நீடிக்கும் இந்தப் பாதிப்புக்கு மருத்துவ இலக்கியத்தில் 1980-களில் தனிப் பெயரே வைக்கப்பட்டது. வைத்தவர் ஆதித்யாஞ்ஜீ என்ற இந்திய மருத்துவர். இங்கே மீட்சி பிசியோதெரபி வழியாகத்தான்: நேர்கோட்டில் நடப்பது, டம்ளரைச் சிந்தாமல் எடுப்பது, தெளிவாகப் பேசுவது என்று ஒவ்வொன்றையும் மூளையின் மிச்சப் பகுதிகளுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய பாதிப்பு என்பதுதான் மனதை அறுக்கிறது. கடைசி டோஸுக்குப் 12 மணி நேரம் கழித்து எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, வெயில் காலத்தில் தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு, எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்."

மூளை சுருங்குமா?

குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதம் வரை ஹாலோபெரிடால் அல்லது ஒலான்சபின் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மூளையின் எடை 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது. குரங்குகளுக்கு மனநோய் இல்லை; எனவே நோயின் மேல் பழி போட முடியாது. மனிதர்களில் 2020-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. கடும் மனச்சோர்வோடு மனப்பிறழ்வும் வந்து தெளிந்தவர்களில் சிலருக்கு ஒலான்சபினைத் தொடர்ந்தார்கள், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 36 வாரத்தில், நலமாகவே இருந்தவர்களை ஒப்பிட்டபோது, மருந்தில் இருந்தவர்களுக்கு மூளையின் மேலடுக்கு மெலிந்திருந்தது. ஆனால் மருந்து இல்லாமல் நோய் திரும்பியவர்களுக்கும் அது மெலிந்திருந்தது. மருந்துக்கும் ஒரு விலை உண்டு, சிகிச்சையில்லாத நோய்க்கும் ஒரு விலை உண்டு. இதை வைத்து நான் எடுத்துக்கொள்வது: தேவைப்படுபவருக்கு மருந்து வேண்டும், தேவையான மிகக் குறைந்த டோஸில் வேண்டும், "வாழ்நாள் பூரா இதே டோஸ்" என்பது வருஷம் ஒருமுறையாவது மறுபடி கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆறும் காலத்தில் வீடு

மீண்டவர்கள் ஒரே மாதிரி சொல்வது ஒன்று: குணம் நேர்கோட்டில் வராது. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் எல்லாம் பழையபடி. அந்த ஐந்தாம் நாளில்தான் நம்பிக்கை உடைகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் நல்ல நாட்களின் எண்ணிக்கை ஏறுவது தெரியும். அதற்கும் அந்த நோட்டுதான் சாட்சி. மதுவைத் தொடக் கூடாது, அது அதே காபாவில் விளையாடுவது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் பென்சோடயசிபைன் விலகலில் இருப்பவருக்கு வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். தினமும் கொஞ்சம் நடை, ஒரே நேரத்தில் தூக்கம், சத்தம் குறைந்த ஓர் அறை. இவை சாதாரணமாகத் தெரிந்தாலும், நரம்பு மண்டலம் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியது இவைதான். மூளையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று டிரிப் ஏற்றுபவர்கள், ஒரே வாரத்தில் நரம்பைப் புதுப்பிக்கிறோம் என்று பவுடர் விற்பவர்கள் பக்கம் போக வேண்டாம். அப்படி எதற்கும் ஆதாரம் இல்லை.

எல்லாவற்றையும் விட, வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது.

இந்த ஊருக்கு மனநல மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1794-ல் தொடங்கிய காப்பகத்தின் வழியில் வந்ததுதான் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். அதைத் தலைமையேற்று நடத்திய சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இன்றும் மனச்சிதைவு உள்ளவர்களோடு வேலை செய்கிறது. மருந்தைத் தொடங்குவதிலும் தொடர்வதிலும் இத்தனை அனுபவம் சேர்ந்த ஊரில், பத்திரமாக இறக்குவதும் ஒரு மருத்துவ வேலைதான் என்ற எண்ணம் மட்டும் இன்னும் வேரூன்றவில்லை. அதற்குச் சட்டத்தின் துணை ஏற்கெனவே இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை தருகிறது. தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும் உரிமை தருகிறது. அல்பிரசோலம், டயசிபாம் உட்படப் பல மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருந்துதான் கடைக்காரர் விற்க வேண்டும். பாதிப்பு வந்தால் நோயாளியே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 எண்ணில் தெரிவிக்கலாம். மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்பதில்லை. இப்படி வரும் புகார்கள் சேர்ந்தால்தான் மருந்துக் குறிப்புகளில் எச்சரிக்கைகள் மாறும்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இந்த மருந்துகளின் மிகச் சிறிய டோஸ் மாத்திரைகளையும் திரவ வடிவங்களையும், டோஸைக் குறைப்பவர்களுக்கென்றே வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு மனநல ஓ.பி.யிலும் வாரம் ஒரு மதியம், மருந்து இறக்குபவர்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அந்த மதியத்தில் ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி இருந்தால் போதும்.